பெங் அத்தையின் பலகை

மழை பிடித்துக்கொண்ட அன்று அரக்குக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு பெங் அத்தை வீட்டுக்குப் போனேன். கால்வாய்க் கரையில் கடைசி வீடு அது. கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம்.

“அத்தை?”

பின்னறையிலிருந்து பதில் வந்தது. மரத்துக்குள்ளிருந்து வரும் குரல். “இங்கதான் படுத்திருக்கேன். மூடியை இழுத்துட்டேன், இப்ப தள்ள வரல. கொஞ்சம் தள்ளு.”

தள்ளினேன். தன் சவப்பெட்டிக்குள் மல்லாந்து படுத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கூரை ஒழுகுகிறதே, பெட்டிக்குள் ஈரம் இறங்குகிறதா என்று பார்க்க உள்ளே போனாளாம்.

“இப்பவே குடிபுகுந்தாச்சா?” என்றேன்.

“வாடகைக்குப் போற வீட்டையே நாலு தடவை பார்க்கிறோம். இது சொந்த வீடுடீ.”

எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் வீட்டில் சவப்பெட்டி தயாராக இருப்பது புதிதல்ல. பிள்ளைகள் செய்து வைப்பார்கள். பெங் அத்தைக்குப் பிள்ளை கிடையாது. பட்டுப்புழு வளர்த்துக் காசு சேர்த்துவைத்து, தானே மலையிலிருந்து தேவதாரு மரம் வரவழைத்தாள். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே அந்தப் பெட்டி பின்னறையில் இரண்டு முக்காலிகளின் மேல் உட்கார்ந்திருந்தது. வருடா வருடம் ஒரு பூச்சு. முதலில் என் மாமியார் பூசினாள், பிறகு நான். அரக்கு மரத்துப் பால் வெயிலில் காயாது, ஈரக்காற்றில்தான் காயும். அதனால்தான் மழைக்காலத்தில் போவேன். புதுக் கை பட்டால் கொப்புளம் போட்டுவிடும். என் கைக்குப் பழகிப்போயிற்று.

அத்தை வெளியே இறங்கிப் பெட்டியின் பக்கவாட்டைத் தடவினாள். “இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். இதுக்குள்ள போயிட்டா ஒருத்தன் தயவும் வேண்டாம்.”

அந்த அறுவடைக் காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அவளுடைய அண்ணன் மகன் பாவ்கென் படகில் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தான். பாவ்கென் வாத்து வியாபாரி. தெருத்தெருவாகக் கூவிக் கூவி அவனுக்கே வாத்துக் குரல் வந்துவிட்டது. அவன் வாயைத் திறந்தால் சந்தையில் பெண்கள் சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அத்தை இனித் திரும்ப மாட்டாள் என்று அவனாகவே முடிவுகட்டி, பெட்டியைப் பலகை பலகையாகப் பிரித்து என் அக்காள் புருஷனிடம் தள்ளிவிட்டான்.

என் புருஷன் படகோடு மூழ்கிய பிறகு நான் இதே ஊரில் அக்காள் லான்யிங் வீட்டில்தான் இருக்கிறேன். அவள் புருஷன் தெஹாய், சின் என்னும் வாத்தியம் செய்பவர். இரண்டு நீளப் பலகைகள். மேல் பலகை லேசான மரம், கீழ்ப் பலகை கெட்டி மரம். இரண்டையும் உள்ளே குடைந்து, முகத்தோடு முகம் ஒட்டி, அரக்குப் பூசி, மேலே ஏழு பட்டு நரம்பு கட்டினால் சின். பூச்சு என் வேலை. தெஹாய்க்குச் செய்யத்தான் தெரியும், வாசிப்பவள் லான்யிங்.

பட்டறைக்குள் நுழைந்ததும் பலகைகளை அடையாளம் கண்டுகொண்டேன்.

“மாமா, இது பெங் அத்தையோட பெட்டி. என் பூச்சு எனக்குத் தெரியாதா?”

“தெரியும்னுதான் வாங்கினேன் கொழுந்தியா. என்ன பூச்சு பூசியிருக்க, ஒரு சொட்டு ஈரம் இறங்கல.” மூடிப் பலகையை நிமிர்த்தி விரல் முட்டியால் தட்டினார். “கேளு.”

கேட்டேன். சாதாரணப் பலகையைத் தட்டினால் ஓசை அங்கேயே செத்துவிடும். இது சாகவில்லை. பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய், அங்கே கொஞ்சம் நின்று, பிறகுதான் ஓய்ந்தது. தெஹாயின் கண்கள் கலங்கியிருந்தன. மனிதர் கெட்டவரில்லை. நல்ல ஓசை கேட்டால் பெண்டாட்டி பெயர் மறந்துபோகிற ஜாதி.

“அவங்க இன்னும் சாகல, மாமா.”

“அதுதான் விசேஷம். பொணம் கிடந்த பலகை பழசா இருந்தாலும் பொணத்தண்ணியைக் குடிச்சிருக்கும், முனகும். கோயில் தூணு புகையைக் குடிச்சிருக்கும், இருமும். இதுல யாரும் படுக்கல. சும்மா காஞ்சுகிட்டே காத்திருந்த மரம். இது மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா?”

“கிடைக்குதோ இல்லையோ, அவங்க வந்து கேட்டா?”

“படுத்தவங்க இருந்தாத்தானே வருவாங்க? யாருமே படுக்காத பெட்டிக்கு ஏது பேய்?”

அங்கேதான் தப்பு நடந்தது. இடிந்த கல்லறையிலிருந்து பலகை கிடைத்தால், அதில் படுத்திருந்தவருக்குக் காகிதக் காசு எரித்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் உளியை வைப்பார்கள். தெஹாயும் அப்படித்தான் செய்வார், ஒருமுறைகூடத் தவறியதில்லை. இந்தப் பலகையில் யாருக்கு எரிப்பது? படுத்தவர் இல்லையே. அதனால் எரிக்கவில்லை. நேராக உளியை வைத்தார்.

பெங் அத்தை உயிரோடு திரும்பினாள்.

சாகத்தான் போகிறோம், என் பெட்டி பக்கத்தில் சாகிறேன் என்று ஆஸ்பத்திரியில் அடம்பிடித்துப் படகேறி வந்திருக்கிறாள். நான் ஓடிப்போனபோது பின்னறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே இரண்டு முக்காலிகள். மேலே ஒன்றுமில்லை.

“எங்கே?” என்றாள்.

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. பாவ்கென் செய்ததைச் சொன்னேன். தெஹாய் வாங்கியதைச் சொன்னேன்.

“என்ன பண்றான் அதை?”

“சின் பண்றாரு, அத்தை. உள்ளே குடையறாரு.”

“குடையறானா?” மழைத்தண்ணீர் கூரையிலிருந்து சட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. “எதுக்குக் குடையணும்?”

“உள்ளே வெறுமையா இருந்தாத்தான் சத்தம் நல்லா வருமாம்.”

அவள் தலையை ஆட்டினாள். கோபம் வந்த மாதிரித் தெரியவில்லை. ஏதோ ஒரு கைவேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டவள் முகம்.

“வெறுமையா இருந்தா நல்லா வரும்,” என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நான் பட்டறைக்கு ஓடினேன். மூடிப் பலகை பாதி குடைந்து கிடந்தது. எப்படியாவது பொருத்தித் திருப்பிக் கொடுங்கள் என்று தெஹாயின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். லான்யிங்கும் கெஞ்சினாள். குடைந்த பலகையை எதோடு சேர்ப்பது, இனி அது பெட்டிக்கு ஆகாது என்றார். சொன்னது உண்மைதான். உண்மையாக இருப்பதால் நியாயமாகிவிடுமா?

அத்தை இறந்தாள். வாத்துக் கூண்டு அடிக்கும் பலகையில் பாவ்கென் ஒரு பெட்டி செய்தான். அவளைக் குளிப்பாட்டியது நான். இமையை எத்தனை முறை இழுத்து மூடினாலும் கண் திறந்துகொண்டது.

அடுத்த மழைக்காலத்தில் சின் தயாரானது.

அதற்கு நான் பூசிய பூச்சு ஒவ்வொன்றும் சொல்லிவைத்தபடி காய்ந்தது. ஒரு குறை இல்லை. நரம்பு கட்டிய அன்று மத்தியானம் லான்யிங் மடியருகே வைத்து மீட்டினாள். தெஹாய் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டுவிட்டு முகம் சுளித்தார். ஓசை இறுக்கமாக இருந்தது. வாயைத் திறக்காமல் பேசுகிற மாதிரி.

“கனமா விட்டுட்டேன் போல. இன்னும் கொஞ்சம் மெலிசாக் குடைஞ்சிருக்கணும்,” என்றார்.

மறுநாள் காலை லான்யிங் மீட்டியபோது அந்த இறுக்கம் குறைந்திருந்தது.

அதற்கு மறுநாள் இன்னும் குறைந்தது. வாத்தியம் பழகப் பழகத் திறக்கும்தான், ஆனால் அதற்கு வருடக்கணக்காகும். தெஹாய்க்குத் தலைகால் புரியவில்லை. நான் மேசையைத் துடைக்கப் போனபோது சின்னுக்குக் கீழே, அடிப்பலகையின் ஓசைத்துளைக்கு நேராக, கொஞ்சம் தூள் குவிந்திருந்தது. செம்மஞ்சள் நிறத் தேவதாருத் தூள்.

“மாமா, புழு விழுந்திருக்கு.”

எடுத்து மோந்தார். விரலில் தேய்த்தார். “புழு தின்னா மாவா இருக்கும். இது சீவல்.”

“சீவலா? உள்ளே இருந்து யாரு சீவறது?”

அவர் துணியால் தூளைத் துடைத்துவிட்டு, “வாசி,” என்றார் லான்யிங்கிடம். வாசித்தாள். நான் பூசிய அரக்கின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு ஓசையை நான் கேட்டதில்லை. ஆழமாக, தெளிவாக, எங்கிருந்தோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல். முடியும்போது மட்டும் ஓர் ஒட்டு இருந்தது. நரம்பை உள்ளங்கையால் அமுக்கி நிறுத்திய பிறகும் உள்ளே ஏதோ கொஞ்சம் மிச்சம் இருந்தது.

மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம்.

லான்யிங் கையை எடுத்துக்கொண்டாள். “நான் இனி இதை வாசிக்க மாட்டேன்.”

“பைத்தியம்,” என்றார் தெஹாய்.

அப்போதுதான் அவர் குரலைக் கவனித்தேன். அவருடையது கரகரத்த குரல். சளி பிடித்தவர்போலப் பேசுவார். இப்போது அந்த ஒரு சொல் அறை முழுவதும் போய்த் திரும்பி வந்தது. அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த தேநீர்க் கிண்ணங்கள் சன்னமாக அதிர்ந்தன.

அன்றிலிருந்து தினமும் தூள் குவிந்தது. தினமும் சின்னின் குரல் தெளிந்தது. தினமும் தெஹாயின் குரலும் தெளிந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். தெஹாய் பெருமையாகப் பேசிக்கொண்டே போனார். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. சட்டை தோளில் தொங்கியது. ஒருநாள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க நான் கைகொடுத்தேன். இழுத்த வேகத்தில் மேலே வந்து விழுந்தார். அவருக்கு எடையே இல்லை.

லான்யிங் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“ஹுவா, அவர் நெஞ்சுல தலை வச்சுப் படுத்திருந்தேன்.”

“சரி.”

“உள்ளே யாரோ சுரண்டுறாங்க.”

மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் பட்டறைக்குப் போனேன். பட்டப்பகல்தான், ஆனால் மழை இருட்டில் மூலைகள் தெரியவில்லை. ஈர மண் வாசனையோடு காய்ந்த மாசிபத்திரி இலையின் வாசனையும் வந்தது. அந்த இலையைப் பூச்சி வராமல் இருக்க அத்தை தன் பெட்டிக்குள் போட்டுவைப்பாள். குனிந்து சின்னின் மேல் காதை வைத்தேன்.

சுரண்டல்.

அவசரமே இல்லாமல், அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்க்கிற பெண்ணின் நிதானத்தோடு.

நான் விரல் முட்டியால் ஒருமுறை தட்டினேன். ஏன் தட்டினேன் என்று தெரியாது.

சுரண்டல் நின்றது.

என் காதுக்கு நேர் கீழே, பலகையின் அந்தப் பக்கம், யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் போவதற்காகக் காத்திருந்தார்கள்.

பட்டணத்து டாக்டரைப் படகு வைத்து அழைத்து வந்தோம். அவர் தெஹாயின் நெஞ்சில் இடக்கை விரலைப் பதித்து வலக்கை விரலால் தட்டிப் பார்த்தார். தட்டிய இடமெல்லாம் அறை ரீங்கரித்தது. தெஹாய் சிரித்தார்.

“இன்னும் கொஞ்சம் கீழே தட்டுங்க டாக்டர். அங்க இன்னும் நல்லாப் பேசும்.”

டாக்டர் அங்கே தட்டினார். பையை மூடிக்கொண்டு, மருந்து எதுவும் எழுதாமல், மழை விடுவதற்குக்கூடக் காத்திருக்காமல் படகேறிவிட்டார்.

லான்யிங் தெஹாயின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். “அந்தச் சனியனை அத்தையோட மண்ணுலயே கொண்டுபோய்ப் புதைச்சிடுவோம். காகிதம் எரிச்சு மன்னிப்புக் கேட்போம். உங்களை எனக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கேட்போம்.”

“கேட்கலாம்,” என்றார். அவர் பேசப் பேச ஜன்னலில் ஒட்டியிருந்த காகிதம் துடித்தது. “நாளைக்குக் கேட்போம்.”

“ஏன் நாளைக்கு?”

“இன்னும் ஒரு சீவல் இருக்கு, லான்யிங். எனக்குக் கேட்குது. அதுவும் போயிட்டா அந்தப் பலகை எப்படிப் பேசும் தெரியுமா?”

“அதுக்கு மேல மெலிஞ்சா உடையும்னு நீங்கதானே சொல்வீங்க,” என்றேன். “நரம்போட இழுப்பைத் தாங்காதுன்னு.”

“உடையறதுக்கு முந்தின நாள்தான் மரம் நல்லாப் பாடும்.” என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றும் தெரிந்திருந்தது. “நான் இதுக்காகத்தானே இத்தனை வருஷம் மரத்தைத் தட்டினேன், கொழுந்தியா?”

எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை. அழுகிற பெண்டாட்டி பக்கத்தில் இருக்கிறாள், இவருக்கு ஓசை வேண்டியிருக்கிறது. நானே நரம்புகளை அறுத்துவிடுவது என்று கத்தியை எடுக்கச் சமையலறைக்குப் போனேன்.

போய்த் திரும்புவதற்குள் சுரண்டல் சத்தம் நின்றிருந்தது.

வீடே நிசப்தம். மழைகூடச் சற்று விட்டிருந்தது.

பட்டறை வாசலுக்கு நான் வந்தபோது தெஹாய் எப்படியோ எழுந்து நடந்து போய்ச் சின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து லான்யிங் அவர் தோளைக் கட்டிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று அவர் முதுகில் முகத்தை வைத்து முனகிக்கொண்டிருந்தாள். கீழே மேசையில் தூள் குவியல் குவியலாகக் கிடந்தது. சின்னின் மேல் பலகை மூச்சு விடுவதுபோல் மெல்ல ஏறி இறங்கியது.

“மாமா.”

அவர் ஒற்றை விரலால் முதல் நரம்பைத் தொட்டார்.

அந்த ஓசையை நான் விவரிக்கப்போவதில்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு நானும் நின்று கேட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன். தெஹாயின் வாய் திறந்திருந்தது. அதிலிருந்தும் அதே ஓசை வந்தது.

பிறகு பலகை விட்டுக்கொடுத்தது. பெரிய சத்தமில்லை. ஈர மரக்கிளை ஒன்று முறிகிற அளவுதான்.

லான்யிங் கட்டிக்கொண்டிருந்த கைகள் திடீரென்று ஒன்றோடொன்று நெருங்கின. அவர் நெஞ்சு உள்ளே போய்விட்டது.

உடைந்த பலகையை நான்தான் புரட்டிப் பார்த்தேன். காகிதக் கனத்துக்கு மெலிந்திருந்தது. உட்புறம் முழுவதும் கீறல்கள், நாலு நாலாக, பக்கத்தில் பக்கத்தில். உளியின் தடம் இல்லை அது. அவற்றுக்குள் காய்ந்த ரத்தமோ, நகமோ எதுவுமில்லை. வேலை சுத்தமாக இருந்தது.

துண்டுகளைப் பொறுக்கி அன்றே அத்தையின் புதைமேட்டுக்கு எடுத்துப் போனேன். மண்ணைத் தோண்டி அவள் பெட்டியின் மேலேயே வைத்து மூடினேன். காகிதம் எரித்தேன். “உங்க பலகை உங்ககிட்ட வந்தாச்சு. என் அக்காளை விட்டுருங்க. அவ கெஞ்சினவ,” என்றேன். மழையில் காகிதம் அணையாமல் கடைசி வரை எரிந்தது. லான்யிங்குக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தோன்றியது. ஆகவும் இல்லை.

தெஹாயின் பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்திருந்தார்கள். தோள்கொடுத்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெறும் பெட்டியின் கனம்தான் இருந்தது.

மேட்டிலிருந்து திரும்பியபின் வந்தவர்களுக்கு நான் தேநீர் கொடுத்துக்கொண்டு போனேன். கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒருவர் பேசுவது கேட்டது. துக்க வீட்டில் இவ்வளவு இனிமையாக யார் பேசுகிறார்கள் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாவ்கென் நின்றுகொண்டிருந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். அது தோளில் தொங்கியது.

“வா தங்கச்சி,” என்றான். குரல் வழவழவென்று வந்தது. “பாவம் தெஹாய், நல்ல மனுஷன். எனக்கு நாலஞ்சு நாளா என்னன்னே தெரியல, சாப்பாடு பிடிக்கல. ஆனா குரல் மட்டும் பாரேன். சந்தையில நான் கூவினா கூட்டம் கூடுது. முன்னாடியே இப்படி இருந்திருந்தா நாடகத்துல சேர்ந்திருப்பேன்.”

சிரித்தான். என் கையிலிருந்த தட்டில் கிண்ணங்கள் அதிர ஆரம்பித்தன.

என்னிடம் கேட்டிருந்தால் எந்த மேட்டில் போய் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லியிருப்பேன். அவன் கேட்டது அதை இல்லை.

“நிஜமாச் சொல்லு, நல்லாயிருக்கா?” என்றான்.

அவனுக்கு ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

“ரொம்ப நல்லாயிருக்கு அண்ணே,” என்றேன். “இன்னும் கொஞ்சம் பேசுங்க.”